‘ஆப்லா’ என்று எழுதிய பட்டன்

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற என்னை ஆபீசிலிருந்து கூப்பிட்டு, “புதுசா வந்திருக்கற பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா” என்றார்கள். பேசச் சொன்னால் பஸ் வரும்வரை பேசுவேன், பஸ் போன பிறகும் நின்று பேசுவேன். எழுதுவது வேறு வேலை. ஆனாலும் எழுதுகிறேன், அதுவும் தமிழில். புனேயில் பிறந்து வளர்ந்து, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். தடுக்கினால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவும் இதைக் கேட்பது நல்லதுதான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கட்கியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டுக்குள் வேலூர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் மராட்டி, கடையில் இந்தி. போசரியில் ஒரு பட்டறை ஆபீசுக்கு டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் போனேன். ஒருநாள் அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள், நான் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். அதுதான் என் படிப்பு. பிறகு மகர்பட்டாவில் இந்த நிறுவனத்தின் ஹெல்ப்லைனுக்கு வந்து சேர்ந்தேன். கடைசிவரை அதே நாற்காலி.

அந்த நாற்காலியை நான் விடாததற்குக் காரணம், ஜனங்களின் பேச்சு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. “மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எழுந்திரிக்கவே மாட்டேங்குதும்மா” என்பார்கள். அந்த வாக்கியத்தில் கோளாறு எங்கே என்பதும் இருக்கும், பேசுகிறவர் யார் என்பதும் இருக்கும். இரண்டையும் கேட்கத் தெரிந்தால் உங்களுக்கு இந்த வேலை வந்துவிடும்.

நம் மென்பொருள் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட்டிய பெட்டி. மின்னஞ்சல், படம், பத்திரம் எதையும் அதற்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். பெட்டிக்குள் இருக்கும்வரை எல்லாம் பத்திரம். தலைவலி எங்கே வருகிறது என்றால், பெட்டிக்குள் வந்த மின்னஞ்சலில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அமுக்கினால் வலைப்பக்கம் திறக்க வேண்டும். எந்த பிரவுசரில் திறப்பது? கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதிலா, தடம் விடாதபடி நாமே செய்து தருகிறோமே, அதிலா? கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். நான் இந்த நிறுவனத்தில் போட்ட பெரிய சண்டை இதற்காகத்தான்.

ஆரம்பத்தில் எல்லாமே நம் பிரவுசரில்தான் திறந்தது. ஒரு ரிட்டயர்டு ராணுவ அதிகாரி தினமும் போன் செய்து திட்டுவார். அவருடைய வங்கிப் பக்கம் நம் பிரவுசரில் சரியாக வராது. “என் வீட்டுக் கதவைத் திறன்னா, நீங்க ஏன்யா பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கறீங்க?” என்று இந்தியில் கத்துவார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் மாதிரி நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் இணைப்பை அமுக்கியதும் இரண்டு பட்டன் வருகிற மாதிரி மாற்றினார்கள். ஒன்றில் நம் பிரவுசரின் பெயர். அது ஆங்கிலத்தில், வாசனைச் சோப்புக்கு வைக்கிற பெயர் மாதிரி இருக்கும். இன்னொன்று, கம்ப்யூட்டரில் வழக்கமாகத் திறக்கிற பிரவுசருக்கு. மராட்டித் திரையில் அதற்கு ‘ஆப்லா பிரவுசர்’ என்று எழுதினார்கள். ‘தங்களுடைய பிரவுசர்’ என்று மரியாதையாகச் சொல்கிற சொல். யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

ஒரு மத்தியான வேளை. நான் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்காரும்போது ஒரு அழைப்பு. ஒரு பெண் இந்தியில் ஆரம்பித்தாள். குரல் தாழ்ந்து, அவசரமாக இருந்தது. நடுவில் தனக்குத்தானே, “அய்யய்யோ, அவன் மூஞ்சி தெரியுதே மேல” என்று தமிழில் முனகினாள். நானும் தமிழுக்கு மாறினேன்.

“சொல்லும்மா. யார் மூஞ்சி?”

“நீங்க தமிழாக்கா?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் அவள் மூச்சு கொஞ்சம் இறங்கியது எனக்குக் கேட்டது.

அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். நிக்டியில் மாமியார் வீட்டில் இருந்தாள். கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. லேப் டெக்னீசியன் படிப்பு படித்தவள். நாசிக்கில் ஒரு மருத்துவமனை அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. குவார்ட்டர்ஸும் உண்டு. வருகிறேன் என்று உறுதி செய்யச் சொல்லி வந்த மின்னஞ்சல் நம் பெட்டிக்குள் இருந்தது. அதிலிருந்த இணைப்பை அமுக்கியிருக்கிறாள். திறந்தது வீட்டு பிரவுசர். அதில் இருந்தது அவள் கொழுந்தனின் கணக்கு. மூலையில் அவன் படம்.

“இதுல பாக்கறதெல்லாம் அவன் போன்லயும் தெரியும்கா. பொண்ணு கார்ட்டூன் பார்த்தாக்கூட சாயந்திரம் வந்து கேப்பான். அதப் பாத்ததும் ஒரே கட்பட், கொழப்பமாயிடுச்சு எனக்கு.”

“தெரிஞ்சா என்னம்மா ஆகும்?” என்று கேட்டேன். இதை எப்போதும் கேளுங்கள். ஆபத்து எவ்வளவு என்று நீங்களாக அளக்காதீர்கள். அதற்குள் இருக்கிறவரைக் கேளுங்கள்.

“போன வாட்டி சிஞ்ச்வட்ல ஒரு லேப்ல வேலைக்குக் கூப்ட்டாங்க. எப்படியோ அவனுக்குத் தெரிஞ்சிடுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நேரா அங்க போயி, எங்க அண்ணிக்கு ஒடம்பு சரியில்ல, வர மாட்டாங்கன்னு சிரிச்சிக்கினே சொல்லிட்டு வந்துட்டான். அடிக்க மாட்டான்கா. அடிச்சாக்கூட நாலு பேருக்குக் காட்டலாம். இவன் சிரிச்சிக்கினே கதவ மூடுவான்.”

என் பக்கத்து மேசையில் நிகில் இருந்தான். நம் புரோகிராமர்களுக்குத் தலைவன், சதாசிவ் பேட்டில் வளர்ந்த பையன், கெட்டிக்காரன். மராட்டியும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவான். நீங்கள் படிப்பதற்காக அவன் பேச்சைத் தமிழில் தருகிறேன். நான் சுருக்கமாகச் சொன்னதும் உடனே, “மொத்த ஹிஸ்டரியையும் அழிக்கச் சொல்லுங்க. ஒரே பட்டன். அவன் போன்லயும் போயிடும். வேலை முடிஞ்சுது” என்றான்.

நான் செல்வியிடம் அப்படியே சொன்னேன்.

“அய்யோ, வேணாங்கா! எல்லாத்தையும் தொடச்சா தொடச்சது தெரியுமே. அத்த பாக்கற சாமி பாட்டு, பொண்ணோட பாடம், அவன் பாக்கற கிரிக்கெட்டு, எல்லாம் போயிடும். எங்க வீட்ல சட்டி பளபளன்னு இருந்தாலே அத்த மோந்து பாப்பாங்க, இன்னாத்த ஆக்குனேன்னு.”

நிகிலிடம் அந்தச் சட்டியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் கையைத் தூக்கி, “சரிதான். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அதுவும் ரெண்டு பக்கத்துலயும் போயிடும். ஆனா அதுக்குள்ள அவன் பார்த்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது” என்றான்.

எப்படி எடுப்பது என்று நான் ஆரம்பித்தேன். வலது பக்கம் மேலே மூன்று புள்ளி, அதை அமுக்கினால் ஒரு பட்டியல். அவ்வளவுதான் சொல்லியிருப்பேன். செல்வியின் குரல் திடீரென்று உயர்ந்தது.

“ஆமாங்க, காஸ் சிலிண்டர் இன்னும் வரலீங்க! எத்தினி வாட்டி சொல்றது?”

பின்னால் ஒரு வயதான குரல். “யாருடி?”

“காஸ் ஏஜென்சிங்க அத்த. தமிழ்க்காரங்கதான்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க இடம் கிடையாது. எதிரில் இருக்கிறவர் எந்தப் படகில் ஏறினாரோ அதில் நீங்களும் ஏறிவிட வேண்டும்.

“சொல்லுங்க மேடம், உங்க புக்கிங் ரெண்டு தடவ விழுந்திருக்கு” என்றேன், காஸ் ஏஜென்சிக்காரியின் அலுப்போடு. “இன்னிக்குப் போட்ட புக்கிங்க மட்டும் கேன்சல் பண்ணணும். பழசு எதையும் தொடாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“இன்னிக்குப் போட்டத மட்டும்.”

“ஆமா. லிஸ்ட்டுல மேல இருக்கும். பக்கத்துல சின்னக் கட்டம். அதுல டிக் பண்ணி எடுத்துடுங்க. ரெண்டு விழுந்திருந்தா ரெண்டும்.”

நிகில் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். மகர்பட்டாவில் ஏசி அறையில் உட்கார்ந்து அக்கா ஏன் சிலிண்டர் விற்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பின்னாலிருந்த குரல், “ரெண்டு சிலிண்டரா குடுக்கச் சொல்லுடி, பண்டிக வருது” என்றது.

“ரெண்டு கேக்கறாங்க எங்க அத்த” என்றாள் செல்வி. அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு சிரிப்பு ஓடியது.

“பார்க்கறேன்னு சொல்லுங்க. கேன்சல் ஆச்சா?”

மவுஸ் அமுங்குகிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை. “ஆயிடுச்சுங்க. இனிமே இப்டி ஆகாம பாத்துக்கங்க. உங்க பட்டன்ல ஆப்லான்னுதான போட்டிருந்துச்சு? அத நம்பித்தான அமுக்குனேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

“சாயந்திரம் போன் பண்ணி, தெரிஞ்சுதா இல்லையான்னு கேட்டுடலாம்” என்றான் நிகில். எனக்கும் கேட்கத்தான் ஆசை. ஆனால் அந்த வீட்டில் போன் அடித்தால் யார் எடுப்பார்கள்? எடுத்தால் யாரென்று சொல்வது? காஸ் ஏஜென்சிக்காரி தினமும் நலம் விசாரிப்பாளா? “நாம போன் பண்ணக் கூடாது. அவள் பண்ணினால் எடுப்போம்” என்றேன். உதவி செய்யக் கிளம்பின கையை மடக்கி வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் கடினம். பழகிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ஆறிவிட்டது. அவள் கடைசியாகச் சொன்னது காதிலேயே நின்றது. ஆப்லா என்று போட்டிருந்ததை நம்பி அமுக்கினேன். எதை நம்பி?

“நிகில், ஆப்லான்னா என்ன?”

“தங்களுடைய. மரியாதை.”

“இந்த வார்த்தைய உங்க வீட்ல எப்பச் சொல்வீங்க?”

“ஆப்லா காவ், ஆப்லா மாணூஸ்...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். நம்ம ஊரு, நம்ம ஆளு. அந்தச் சொல்லுக்கு ‘உங்களுடைய’ என்றும் பொருள், ‘நம்முடைய’ என்றும் பொருள். மரியாதைக்குப் போட்ட சொல் உறவுக்கும் ஆகும். செல்வி மராட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாளே தவிர, வாசிக்க வராது. இரண்டு பட்டனைப் பார்த்திருக்கிறாள். ஒன்றில் சோப்பு விளம்பரம் மாதிரி ஏதோ ஆங்கிலம். இன்னொன்றில் ஆப்லா. நம்மது. தன் ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்ட பெட்டி, “இது நம்ம பிரவுசர், இதுல வா” என்று கூப்பிடுவதாக நினைத்துப் போயிருக்கிறாள். நாம் சொன்னதோ, “வீட்டில் இருப்பதைத் திற” என்று.

நிகில் உடனே மடிக்கணினியைத் திறந்தான். “ஒரு வார்த்தைதானே, இப்பவே மாத்திடறேன்.”

“வார்த்தைய மாத்து. ஆனா அதோட எழுந்து போகாத, உட்காரு” என்றேன்.

அன்று ஆரம்பித்த சண்டை பல நாள் போயிற்று. டீ குடிக்கும்போது, லிஃப்ட்டில், மீட்டிங்கில் எல்லாம் சண்டைதான். அவன் பக்கத்தை அவனுக்காக நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவன் கொள்கைக்காரன். “ஒருத்தர் தன் கம்ப்யூட்டர்ல எந்த பிரவுசர் திறக்கணும்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கார். அதை மீற நாம யாரு? பெரிய கம்பெனிங்கதான் அப்படித் திணிக்கும். நாம அப்படி ஆகக் கூடாது” என்றான். அழகான பேச்சு. நானும் பல வருஷம் தலையாட்டிய பேச்சு.

“யாரு சொல்லி வெச்சது?” என்றேன்.

“யூசர்தான்.”

“எந்த யூசர்? நிக்டில அந்தக் கம்ப்யூட்டர வாங்கி, முதல்ல உட்கார்ந்து, எல்லாத்தையும் தனக்குப் பிடிச்ச மாதிரி வெச்சது கொழுந்தன். பெட்டியப் பூட்டினது செல்வி. நீ கம்ப்யூட்டரக் கேட்டா கொழுந்தன் பதில் சொல்றான். அவன் சொல்றத செல்வியோட விருப்பம்னு நீ எடுத்துக்கற.”

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, “ஒண்ணு சொல்லட்டுமா? தனித்தனி லேப்டாப் வெச்சிருக்கறவங்க உட்கார்ந்து எழுதின மென்பொருள் இது” என்றான். எனக்கு அவனைப் பிடித்துப் போனதே அதனால்தான். தோற்கும்போது விஷயத்தை இன்னும் தெளிவாகச் சொல்கிறவன்.

ஆனால் விட்டுவிடவில்லை. மறுநாள் வந்து, “அப்ப எல்லாத்தையும் நம்ம பிரவுசர்லயே திறந்தா அந்த ராணுவக்காரர் என்னைச் சுட்டுடுவார். அதுமட்டும் இல்ல, வீட்டுக்காரங்க பார்க்காத புது பிரவுசர் திரையில தெரிஞ்சாலே, இது என்னன்னு கேக்க மாட்டாங்களா? உங்க சட்டிக் கதைதான்” என்றான். அது உண்மை. நான் யோசிக்காத உண்மை. ஆகவே நம் பிரவுசருக்கென்று தனி ஐகான் எதுவும் வெளியே தெரியக் கூடாது, பெட்டிக்குள்ளேயே திறந்து பெட்டியோடு மூடிக்கொள்ள வேண்டும் என்று அவனே வழி கண்டுபிடித்தான்.

கடைசியில் ஒத்துப்போன இடம் இதுதான். எந்த பிரவுசர் என்று கம்ப்யூட்டரைக் கேட்காதே. பெட்டியின் சாவி யார் கையிலோ அவரை ஒவ்வொரு தடவையும் கேள். எப்போதும் இதில்தான் என்று அவர் சொன்னால் அதைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வை, வெளியே யாரும் மாற்ற முடியாதபடி. அவர் பதில் சொல்லாமல் விட்டால் நம் பிரவுசர்தான். வீட்டு பிரவுசரில் திறக்கச் சொன்னால் திற. ஆனால் திறக்கும் முன், இந்தப் பக்கம் அங்கே பதிவாகும், அதைப் பயன்படுத்துகிற மற்றவர்களும் பார்க்கலாம் என்று நேராகச் சொல். மரியாதைச் சொல் வேண்டாம். எந்த பிரவுசரோ அதன் பெயரைச் சொல்.

இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டவன் ஒன்றில் மட்டும் மல்லுக்கு நின்றான். நம் பிரவுசர் ஏதோ கோளாறில் திறக்காமல் போனால்? சும்மா விடக் கூடாது, வேறு எது கிடைக்கிறதோ அதில் திறந்து கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள் என்றான். உலகத்தில் எல்லா மென்பொருளும் அப்படித்தான் செய்கிறது என்றான்.

“நினைக்கட்டும். திட்டட்டும். அந்தத் திட்டு என் போனுக்குத்தான் வரும், நான் வாங்கிக்கறேன்” என்றேன். “திறக்க முடியலன்னு சொல்லிட்டு நில்லு. அவசரத்துக்குக் கிடைச்ச கதவத் திறந்து ஒருத்தியத் தெருவுல நிறுத்தாத.”

அன்று நான் எழுந்திருக்கவில்லை. மீட்டிங் அறையைப் பூட்ட வந்தவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நிகில் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். “அக்கா, நீங்க போக மாட்டீங்க இல்ல?” என்றான். இல்லை என்றேன். எழுதினான். திறக்காவிட்டால் நிற்கும். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறது. உங்களில் யாராவது ஒருநாள், இது ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது, சரிசெய்துவிடலாமே என்று நினைப்பீர்கள். நினைக்கும்போது நிக்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்தது. செல்வியிடமிருந்து போன் வரவில்லை. கொழுந்தன் பார்த்தானா, மறுபடியும் சிரித்துக்கொண்டே நாசிக்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தானா, எதுவும் தெரியாது. தமிழ்க் குரல் கேட்டால் நிகிலே மேசையைத் தாண்டி எட்டிப் பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று.

மழைக்காலம் நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் அழைப்பு வந்தது. பின்னால் கார்ட்டூன் சத்தம்.

“அக்கா, உங்க சாஃப்ட்வேர் ரொம்பத் தொல்ல பண்ணுதுக்கா. பொண்ணுக்கு மெயில்ல வர்ற கார்ட்டூன் லிங்க அமுக்குனா, ஒவ்வொரு வாட்டியும் எதுல தொறக்கட்டும், எதுல தொறக்கட்டும்னு கேட்டுக்கினே இருக்குது. எம் பொண்ணு கத்தறா.”

குரல் தெரிந்துவிட்டது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. “எங்கேந்தும்மா பேசறீங்க?”

“நாசிக்லேந்துக்கா. குவார்ட்டர்ஸ்ல.” கொஞ்சம் நிறுத்தி, “சிலிண்டர்கூட டயத்துக்கு வந்துடுது” என்றாள்.

நான் நிகிலைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினேன். அவன் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

“அன்னிக்கு அவன் பாக்கலையா?”

“போனப் பாத்துக்கினேதான் சாப்ட்டான். நான் சோறு போட்டுக்கினே அவன் மூஞ்சியப் பாத்தேன். கிரிக்கெட்டுதான் ஓடிக்கினு இருந்துச்சு. வேலைக்கு லெட்டர் வந்தப்புறம்தான் சொன்னேன், அதுவும் வாசல்ல ஆட்டோ வந்து நின்னப்புறம். பொண்ணும் நானும் ஆட்டோல ஒக்காந்துக்கினோம். அவன் சிரிக்கல, பாத்துக்கங்க.” பிறகு அவசரமாக, “அது கெடக்கட்டும்கா. இந்தக் கேள்விய எப்டி நிறுத்தறது? இது என் சொந்தக் கம்ப்யூட்டரு. வேற யாரும் தொட மாட்டாங்க.”

“திரும்பக் கேட்காதே” என்று ஒரு கட்டம் உண்டு. அது நிகில் பிடிவாதமாக வைத்தது. நான் வேண்டவே வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்றேன். “எப்பவும் பயந்துக்கிட்டே இருக்கணுமா அவங்க?” என்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டத்தைப் போட்டுவிட்டான்.

“கேள்விக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் தெரியுதா?” என்றேன்.

“தெரியுது.”

“அதுல டிக் பண்ணுங்க. பண்ணிட்டு, எந்த பிரவுசர் வேணுமோ அத அமுக்குங்க.”

“எத அமுக்கட்டும்?”

“அத நான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

மவுஸ் அமுங்கியது. அடுத்த கார்ட்டூன் ஓட ஆரம்பித்தது. “ஆங், வந்திடுச்சு. வெக்கறேங்கா, டூட்டிக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டாள்.

எதை அமுக்கினாள் என்று நிகில் கேட்டான். அவளை நான் கேட்கவில்லை என்றேன்.